மருதானைப் பாண்

1961 மார்ச் 14, செவ்வாய். மாத்தளை.

நாங்கள் பேக்கரி திறக்குமுன், கொழும்பில் நல்ல பாண் போடும் கடைகளைப் பார்த்துவர வாப்பா என்னை அனுப்பினார். மருதானையில் நான் நுழைந்த நான்காவது கடையின் பாண்தான் எல்லாவற்றிலும் ருசி. போட்டவரைப் பார்க்க வேண்டும் என்றேன். மாவுக் கையோடு வெளியே வந்தவர், ஆறு வருடத்துக்கு முன் வாப்பாவோடு சண்டையிட்டு வீட்டைவிட்டுப் போன என் கூடப்பிறந்த நானா.

"என்னைக் கண்டதா வாப்பாகிட்ட சொல்லிராத தம்பி" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

இன்று மாலை வீட்டில், நான் வாங்கிவந்த அந்தப் பாணைப் பிய்த்துத் தின்ற வாப்பா, "இதைப் போட்ட ஆள் நம்ம கடைக்கு வேணும். எந்தக் கடைடா?" என்றார்.

உம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடையின் பெயரைச் சொன்னேன். ஆளின் பெயரைச் சொல்லவில்லை.

வாப்பா காலை ரயிலில் போகிறார். நான் செய்தது சரிதானா, தெரியவில்லை.