பகலில் எழுந்த வௌவால்கள்

மார்கழி, செவ்வாய்க்கிழமை.

கிரானில் மூடிக்கிடக்கும் அரிசி ஆலையின் சாவி என்னிடமும் கௌசியிடமும் மட்டுமே இருக்கிறது. எங்கள் சேரின் பல்கலைக்கழக ஆய்வுக்காக ஆறு மாதமாக இருவரும் அங்குள்ள வௌவால்களின் எச்சத்தைச் சேர்த்து அதிலுள்ள ஓமோன் சுரப்பின் அளவைப் பார்க்கிறோம். மாரியில் அவை உடம்பைக் குளிரவிட்டுப் பகல் முழுவதும் அசையாமல் உறங்கும். அந்தி வந்ததும் உடலுக்குள் இருக்கும் மணிக்கூடே அவற்றை எழுப்பிவிடும்.

இன்று காலை பத்து மணிக்குப் போனேன். உள்ளே பெரிய விளக்குகளுடன் நான்கு வீடியோக்காரர்கள். வௌவால்கள் விழித்துச் சுவர்களில் மோதிக்கொண்டிருந்தன. விறைப்பு மாறாத ஒன்று தரையில் கிடந்து நடுங்கியது.

கௌசிக்குப் போன் எடுத்தேன்.

"சாவிய நீயா குடுத்த?"

"ஓம். ஒரு மணித்தியாலம்தானே புள்ள. என்ட பேரும் வீடியோவில வரும் எண்டாங்க."

"இடையில எழுப்பினா ஓமோன் அளவெல்லாம் பிழையாப் போயிரும் எண்டு எனக்குச் சொல்லித்தந்ததே நீதானே?"

அவள் குரலைத் தாழ்த்தி, "சேருக்குச் சொல்லிராத" என்றாள்.

பதிவேட்டில் 'ஆட்கள் உள்ளே வந்தனர்' என்று மட்டும் எழுதினேன். அவள் பேரை எழுதக் கை வரவில்லை. நாளைக்கும் ஒரே பஸ்ஸில், பக்கத்துப் பக்கத்தில்தான் போகவேண்டும்.