சிலுப்பாத ஆடு

சிங்கவரம்,
ஞாயிற்றுக்கிழமை

மருமகள் தமிழினிக்கு, மாமன் பீமாராவ் எழுதுவது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பி எழுதுகிறேன்.

இதெல்லாம் நடக்கும்னு நான் அன்றைக்கே சொன்னேன். ஐதராபாத்தில் மருந்து ஆராய்ச்சிக் கூடத்துக்கு நீ வேலைக்குப் போன வருஷமே, இந்தப் பொண்ணு வாயில்லா ஜீவனுக்கு நியாயம் கேட்டு வேலையை விடும், அதுல இவங்க நைனா படுத்துடுவாருன்னு சொன்னேன். தேதிதான் சொல்லவில்லை.

நான் எட்டாவதோடு நின்றவன்தான். ஆனாலும் செஞ்சி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உன் படிப்பை விளக்க என்னை விட்டால் ஆள் கிடையாது. மூச்சு, ரத்தம், துடிப்பு எல்லாம் உடம்புக்குள்ளே எப்படி ஓடுதுங்கிற படிப்பு, என் மருமகள் நாடியைப் பார்த்தே நாய்க்கு எவ்வளவு வலின்னு சொல்லிடுவா என்றேன். தாசில்தாரே டீயைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். அறுத்த நாய்களுக்கு வலி தெரியாமலிருக்க ஊசி போட்டால் சோதனை முடிவு கெட்டுப்போகும், போடாமலே செய்யலாம் என்று கமிட்டியில் ஏழு பேர் கையெழுத்துப் போட்டதையும், நீ ஒருத்தி பேனாவை மூடி வைத்ததையும் சொன்னேன். நாற்பது பேர் என்றுதான் சொன்னேன். ஏழுன்னா ஒரு கெத்து இல்லை.

உங்க நைனாவுக்குத்தான் அது புரியவில்லை. நம்ம வம்சத்திலேயே முதல் டாக்டர் பட்டம், நாய்க்கு வலிக்குதுன்னு தூக்கிப் போட்டுட்டு வந்துட்டாளே, நமக்கு வலிச்சப்ப எவன் கேட்டான்னு கத்தினார். இனிமே இந்த வாசலை மிதிக்காதேன்னும் சொன்னார். நீயும் மூன்று வருஷமாக மிதிக்கவில்லை. பிடிவாதத்தில் அப்பனுக்கு மகள் இளைத்தவள் இல்லை.

இப்ப விஷயத்துக்கு வரேன். நீ போனை எடுக்காததால்தான் இந்தக் கூரியர். நைனாவுக்குப் பக்கவாதம். விழுப்புரத்து டாக்டர், வீட்டுக்கே கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லிட்டார். ஸ்பூனில் பால் கொடுத்தால் பாதி வெளியே வருது. நீ செய்கிற மாதிரி நானும் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். ஓடுதுன்னு மட்டும்தான் எனக்குத் தெரியுது.

உனக்கு அந்த வேலை திரும்பக் கிடைச்சா ஆடு வெட்டுறேன்னு அவர் மாரியம்மனுக்கு வேண்டியிருந்தாராம். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு உங்கம்மா, அதான் எங்கக்கா தைலம்மாளிடம் சத்தியம் வாங்கியிருந்தாராம். வேலை கிடைக்காவிட்டாலும் அவர் உயிருக்காவது ஆகட்டும்னு அக்கா வெள்ளிக்கிழமை ஆட்டைக் கொண்டுவரச் சொன்னாள். கோயில் வீட்டுக்கு எதிரிலேயே என்பதால் அவர் கட்டிலை வாசலில் போட்டோம். மஞ்சத் தண்ணி ஊற்றி, ஆடு உடம்பைச் சிலுப்பினால்தானே அம்மன் உத்தரவு? முதல் சொம்பு நான் ஊற்றினேன். சிலுப்பவில்லை. நாலு சொம்பு ஊற்றினேன். காதுல ஊத்து மாமான்னான் ஆட்டைப் பிடித்திருந்த உன் தம்பி சுந்தரமூர்த்தி. அங்கேயும் ஊற்றினேன். ம்ஹூம். ஆட்டை வாங்கினியா, பொம்மையை வாங்கினியான்னு பூசாரி பாண்டுரங்கன் கிண்டல் பண்ணினார்.

அப்போது உங்க நைனா கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். அவுத்து விடுங்கடா, அது ஒத்துக்கலை, இதைத்தானே என் பொண்ணும் சொன்னா, அவளை வரச் சொல்லுங்கடான்னார். ஊரே கண்ணைத் துடைத்தது.

இவ்வளவு எழுதிக் கவரை ஒட்டப் போனேன். மனசு வரவில்லை.

ஆடு சிலுப்பாதது நிஜம். நம்ம வீட்டுப் பின்னாடிதான் கட்டியிருக்கு. ஆனால் நைனா எழுந்து உட்காரவும் இல்லை, அப்படிச் சொல்லவும் இல்லை. புதன்கிழமையே அவருக்குப் பேச்சு நின்றுபோச்சு. வெள்ளிக்கிழமை சுவர்ப் பக்கம்தான் முகம் இருந்தது. நடந்தது காதில் விழுந்ததான்னுகூடத் தெரியாது. நீ வரணும்னு நானே கட்டின கதை அது. உன்மேல கோபம் தீர்ந்ததா இல்லையா, சத்தியமா எனக்குத் தெரியாது கண்ணு. வராதேன்னு சொல்லவும் இப்ப அவருக்கு வாய் இல்லை. வந்துடு.

உன் மாமன்,
பீமாராவ்