அவுக்காத காயில்

கோயமுத்தூர்
12.6.1996

அம்மணிக்கு,

அப்பன் எழுதறேன். உனக்குக் கல்யாணமாகி ஏழு வருசத்துல இதுதான் மொதக் காயிதம். விலாசம் வால்பாறை கிளப்புக்காரரு குடுத்தாரு.

அவங்க கிளப்புல விளையாடற பின்பால் மெஷின், செம்புக் கம்பி சுத்திக் காயில் கட்டுற நம்ம கடைக்கு ரிப்பேருக்கு வந்திருக்குது. உருண்டு வர்ற இரும்புக் குண்டைக் மெஷினுக்குக் கீழ்ப்பக்கம் இருக்கற ரெண்டு கையும் தட்டி மேல ஏத்தோணும்; கைக்கு ஒரு காயில். மெஷினோட வலது கை காயில் எரிஞ்சு, சுத்தை எண்ண முடியாம கரிக்கட்டையாயிருச்சு. இடது கையைத் தட்டுனேன் பாரு, குண்டு சீறிப் போயி, பட்ட இடமெல்லாம் லைட்டும் மணியும்! அப்படியே நின்னுபோட்டேன்.

அந்தக் காயிலைக் கழட்டிப் பார்த்தா, அதைக் கட்டுன நூல் முடிச்சு நம்ம கடையில நீ போடற முடிச்சு. கேட்டா, பொள்ளாச்சியில ஒரு பொண்ணு கட்டுச்சுன்னாரு கிளப்புக்காரரு. நாப்பது வருசத்துல என்ற கைக்கு அப்படியொரு காயில் வந்ததில்லை கண்ணு.

வலதுக்கும் அதே சுத்து வேணும். உன்ற காயிலை அவுத்துச் சுத்தை எண்ணுனா வேலை முடிஞ்சுது. கட்டிங் பிளேயரைக் கூடக் கையில எடுத்துட்டேன். மனசு வரலை.

எத்தனை சுத்துன்னு காயிதத்துல எழுதாத. நேர்ல வந்து சொல்லு. மாப்பிள்ளையையும் கூட்டிக்கிட்டு வா.

கடையில இருந்து,
அப்பன்