அரைப் பாடமும் புளிப்பு மாதுளையும்

மார்ச் 3
எழுத்து கோணல்மாணலாகப் போகிறது. பேனாவை இறுக்கிப் பிடித்து விரல் வலிக்கிறது. படிக்கப் போவது நான்தான், பொறுத்துக்கொள்கிறேன். எழுபது வயதில் எழுதக் கற்று, என் வசவை என் கையாலேயே எழுதுகிறேன். என்ன சுகம்!

மச்சான் ஒரு மடையன். என் மனைவி இருக்கிறாளே, இவளுடைய அண்ணன்தான். எங்கள் இனிப்பு மாதுளையின் விதையைக் கேட்டு வாங்கிப்போய் நட்டார். காய்த்தது; புளிப்பு. வேண்டுமென்றே மட்ட விதை கொடுத்தேனாம். அன்றிலிருந்து பேச்சில்லை. இப்போது அவர் மகளுக்குக் கல்யாணம். "அண்ணன் வீட்டுக் கல்யாணத்துல என்னை வாசல்ல நிக்க வெச்சிடாதீங்க" என்கிறாள் இவள்.

மார்ச் 5
முதியோர் வகுப்பில் டீச்சர் கொடுத்த அறிவியல் புத்தகத்தில் ஒரு பக்கம் முழுதாகப் படித்துவிட்டேன்! குரோமோசோம் — இதை எழுத்துக் கூட்டவே காலைப்பொழுது போனது. செல் இரண்டாகும்போது ஒவ்வொரு குரோமோசோமும் தன்னைப் போலவே இன்னொன்றைச் செய்துகொள்கிறது. நடுவில் வரிசையாக நின்று, பக்கத்துக்கு ஒன்றாகப் பிரிகின்றன. இரண்டு செல்லிலும் அச்சு அசலாக அதே கூட்டம். பெயர் மைட்டாசிஸ். அப்படியானால் இனிப்பிலிருந்து புளிப்பு எப்படி வரும்? விதையை மாற்றியவர் அவர்தான். மாட்டினார்!

மார்ச் 6
மச்சான் வீட்டுக்குப் போனேன். கல்யாணப் பாத்திரங்களுக்கு நடுவே நின்று, விதையை மாற்றியது அவர்தான் என்று சொன்னேன்.
"எழுத்துக் கூட்டத் தெரிஞ்சதும் என்னைத் திருடன்னு சொல்ல வந்துட்டீங்களா, மாப்ள?"
"நான் சொல்லல மச்சான், புத்தகம் சொல்லுது."
"அப்ப அதையே கட்டிக்கிட்டு அழுங்க. நீங்களும் வேண்டாம், தங்கச்சியும் கல்யாணத்துக்கு வர வேண்டாம்."
இவள் சோற்றைத் தட்டில் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும்.

மார்ச் 8
அடப்பாவி — நான்தான். அடுத்த பக்கத்தைத் திருப்பவே இல்லையே! நான் படித்தது இலையும் தண்டும் வளரும் கதை. பூவுக்குள் நடப்பது வேறு, மியாசிஸ். அங்கே தாய் வழி ஒன்றும் தந்தை வழி ஒன்றுமாக ஜோடி சேர்ந்து, துண்டுகளை மாற்றிக்கொண்டு, ஆளுக்கொரு பக்கம் போய்விடுகின்றன. செல் மறுபடியும் பிரிகிறது. கடைசியில் ஒவ்வொன்றிலும் பாதிக் கூட்டம்தான். அந்தப் பாதியும் மகரந்தத்தின் பாதியும் சேர்ந்து விதை. சீட்டைக் கலைத்துப் போட்ட மாதிரி. யாரும் ஏமாற்றவில்லை.
இதை அவரிடம் போய்ச் சொல்வதா? நானா?

மார்ச் 9
மரத்தில் ஒரு குச்சி வெட்டிக்கொண்டு போனேன்.
"விதைதான் மாறும் மச்சான். குச்சிய நட்டா அதே இனிப்புதான், மாறாது. உங்க மேலயும் தப்பில்ல, என் மேலயும் இல்ல."
"இது வேற புத்தகமா?"
"அதேதான். அடுத்த பக்கம்."
"முழுசாப் படிச்சு முடிங்க. அதுவரைக்கும் என் மூஞ்சில முழிக்காதீங்க."
குச்சியை மட்டும் பிடுங்கிக்கொண்டார்.

மார்ச் 12
கல்யாணப் பெண்ணே வந்தாள். "அத்தைய மட்டும் கூட்டிட்டு வரச் சொன்னார் அப்பா. உங்களையும் கேட்டேன் மாமா, முறைச்சார்."
இவள் பையைத் தூக்கிக்கொண்டு, சிரித்துக்கொண்டே படி இறங்கினாள். எனக்கு ரொட்டியும் வெந்நீரும். மடையன் மடையன்தான்.
கல்யாணம் அடுத்த வாரம். இவள் வந்து சொல்லச் சொல்ல, நான் எழுதுவேன்.