ஒஸ்காரின் வாயில் நுழையாத மீன்

செவ்வாய், இரவு

நோட்டே, மன்னித்துக்கொள். பாப்பா தூங்க மணி பதினொன்றாகிவிட்டது.

போன மாதம் எங்கள் ஒஸ்கார் மீன்களில் ஒன்று சின்னக் கெளுத்தியை விழுங்கி, முள் தொண்டையில் சிக்கிச் செத்தது. மிஞ்சியது ஒன்றுதான். இன்றும் ஹட்டன் வளர்ப்பு மீன்கடை நானா விரல் நீளக் கெளுத்தியைத்தான் காட்டினார்.

"பழகிரும் தங்கச்சி."

"பழகாது நானா, முழுங்கிரும். வாயில நுழையாத சைஸ்ல குடுங்க."

சிரித்துக்கொண்டே தொட்டிப் பாசியைத் தின்னும் சாண் நீள டேங்க் கிளீனர் மீனைப் பிடித்துத் தந்தார். அதுவும் கெளுத்தி இனம்தான்.

தொட்டிக் கற்களை இடம் மாற்றினேன். தன் இடம் எதுவென்று ஒஸ்கார் குழம்பினால் புதியதை விரட்டாது. விளக்கை அணைத்துவிட்டு மீனை விட்டேன். ஒஸ்கார் ஒருமுறை முட்டிவிட்டு விலகிக்கொண்டது. நான் எடுத்தது சரியான மீன்தான். ஆனாலும் இரண்டு தடவை டார்ச் அடித்துப் பார்த்தாயிற்று.

கொழும்பில் வேலையிலிருக்கும் இவருக்குப் படம் அனுப்பினேன். "இந்த சைஸ் போதும்தானே? சீக்கிரம் பதில் போடுங்க."