வேலியில் காய்ந்த சிவப்புக் கொடி

அம்மா,

இன்று காலை எதிர்வீட்டு மாடியில் ஒரு சிவப்புப் புடவை காய்ந்துகொண்டிருந்தது. காற்றில் அது படபடத்ததும் எனக்கு வேலை ஓடவில்லை. உன் நினைப்புதான்.

நெல்லிவாசல் பக்கத்திலிருந்து மலையிறங்கி ரயில்வே வேலைக்குப் போன முதல் குடும்பம் நாம். அப்பாவுக்குப் போளூர்ப் பக்கம் தண்டவாளத்தைப் பார்த்துச் சரிசெய்யும் கேங்மேன் வேலை; அதன் ஓரமாகவே ஒற்றை அறை வீடு. "ஆறே மாசத்துல திரும்பி வந்துருவாங்க, பாரு" என்று சித்தப்பா ஊரெல்லாம் சொன்னாராம். அந்தச் சொல்லை நீ கடைசிவரை மறக்கவில்லை.

வந்த புதிதில் நீ செய்த கூத்து இருக்கிறதே! மலையில் ரயிலை யார் கண்டது? அப்பாவின் அழுக்குத் துணிகளோடு அவருடைய சிவப்புக் கொடியையும் துவைத்து வேலியில் காயப்போட்டாய். காட்பாடி பாசஞ்சர் கிறீச்சிட்டு நின்றேவிட்டது. கரி முகத்தோடு இறங்கி ஓடிவந்த டிரைவர், "லைன்ல இன்னா ஆச்சும்மா?" என்று பதறினார். "அழுக்கா இருந்துச்சுங்க, தொவச்சேன்" என்றாய். அப்பாவின் வேலையே போயிருக்கும். மேஸ்திரியிடம் கெஞ்சித் தப்பித்தார். ஆனாலும் வீட்டுக்கு வந்து விழுந்து விழுந்து சிரித்தார். "ரயிலையே நிறுத்துன பொம்பளடி நீ!" உனக்குத்தான் பல நாள் சோறு இறங்கவில்லை.

பிறகு அந்த ஐப்பசி. அடைமழையில் லைன் பார்க்கப் போன அப்பாவைப் பின்னால் வந்த வண்டி அடித்துவிட்டது. மழைச் சத்தத்தில் காதில் விழவில்லை என்றார்கள். நீ அவருடைய கொடியை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாய். "அன்னிக்கு சும்மா காயப்போட்டேன், நின்னுச்சே. இன்னிக்கு ஏன் நிக்கல?"

சித்தப்பா ஜீப்போடு வந்தார். "வாங்க அண்ணி, நம்ம வூட்டுக்கே போய்டலாம்."

"அவரு எறங்குனது நான் திரும்பி ஏறுறதுக்கு இல்லப்பா. இவ படிக்கணும்" என்று என்னைக் காட்டினாய்.

அப்பாவுக்குப் பதிலாக உனக்கு வேலை கொடுத்தார்கள். அவரைக் கொன்ற அதே பாதையில் கேங் ஆட்களுக்குத் தண்ணீர் சுமந்தாய். வண்டி வரும்போதெல்லாம் ஒதுங்கி நின்று, அது போய் மறையும்வரை பார்ப்பாய். பாவி மனுஷி, எப்படித்தான் தாங்கினாயோ!

நான் படித்தேன், உத்தியோகத்துக்கும் போனேன். போன மாசியில் உனக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தபோது, புத்தி பேதலித்தவள் மாதிரி, பெட்டியிலிருந்த அந்தக் கொடியை எடுத்துத் துவைத்து வாசலில் காயப்போட்டேன்.

நீ நிற்கவில்லை, அம்மா. கொடி மட்டும் என்னிடம் இருக்கிறது.