கேட்கும் வேலைக்குக் கடைசி இடம்

அன்புள்ள அக்கா,

நீ ஏன் பேசுவதில்லை என்று கேட்கப் போவதில்லை. இது வெறும் வேலைக் கதை.

பூமிக்கு வெளியே உயிரைத் தேடுவதில் எதற்கு முதலிடம் என்று இன்று குழு கூடி முடிவெடுத்தது. தூரத்துக் கிரகங்களின் காற்றை ஆராய்வது முதலில். பனி நிலவுகளின் தண்ணீர் அடுத்தது. யாராவது பேசுகிறார்களா என்று ஆன்டெனா வைத்துக் கேட்கும் என் வேலை கடைசி.

"இத்தனை வருஷமா ஒரு முணுமுணுப்புகூட வரலையேம்மா," என்றார் தலைவர்.

"சத்தம் வரலைன்னா ஆளே இல்லைன்னு அர்த்தமா சார்?" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"போன வாரம் வந்துச்சே, உங்க செல்போன்!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

உண்மைதான். ஏதோ சிக்னல் என்று ஆளாளுக்குத் துள்ளிக் குதித்தோம்; தேடினால் அது என் கைப்பைக்குள் இருந்தது. ஆன்டெனா அறைக்குள் போனை அணைத்துவிட வேண்டும். மறந்துவிட்டேன் என்று சொல்லிச் சமாளித்தேன். எனக்கு என்றைக்கு மறதி இருந்தது, உனக்குத் தெரியாதா?

இனிமேல் வாசலிலேயே போனை வாங்கி வைத்துக்கொள்வார்களாம். அதனால் பகலில் கூப்பிடாதே அக்கா. ஆறு மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு.

இன்னும் அதே நம்பரில் இருக்கும்,
உன் தங்கை